நாற்பது மைக்ரான்

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். ஒரு வருடத்துக்கும் மேலாகத் தேடிக்கொண்டிருந்த பிஎம்டபிள்யூ இசட் ஃபோர், கூரையை மடக்கி ஓட்டக்கூடிய கார், கடைசியில் கிடைத்துவிட்டது. செகண்ட் ஹேண்ட் வண்டி, கருநீலம், நல்ல விலை. வாங்கி மூன்று நாள்கூட ஆகவில்லை. "மாமா, வண்டி சூப்பரா இருக்கு. ஆனா வெயில்ல நிறுத்தினா பெயின்ட் பூரா வட்ட வட்டமா கோடு தெரியுது. பாலிஷ் மெஷின் ஆர்டர் பண்ணிட்டேன். எவ்வளவு தூரத்துக்குப் போகலாம்?" என்றான். நாளைக்குக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். இந்த ஒரு விஷயத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவன் நான். ஆனாலும் அந்த "எவ்வளவு தூரத்துக்கு" என்ற இடத்தில் வாய் அடைத்துவிட்டது.

என்னிடம் ஒரு கறுப்பு ஆடி டிடி இருக்கிறது. 2008-இல் தயாரான இரண்டாம் தலைமுறை கூபே. 2015-இல் வாங்கினேன், அதற்கு நான் மூன்றாவது சொந்தக்காரன். அதன் பானெட்டில், இடது ஹெட்லைட்டுக்கு மேலே ஓடும் மடிப்பில், கட்டைவிரல் நகம் அளவுக்கு மங்கலான ஓர் இடம் உண்டு. மற்றவர்கள் யாரும் அதைக் கவனித்ததில்லை. நான் தினமும் பார்க்கிறேன். அவன் கேட்டது அந்த இடத்தைப் பற்றித்தான். அது அவனுக்குத் தெரியாது.

எவர்சில்வர் தட்டு

அவன் சொன்ன வட்டக் கோடுகளிலிருந்தே தொடங்குகிறேன். வீட்டில் பல வருடம் தேய்த்துக் கழுவிய எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்து குழல்விளக்கு இல்லாமல் ஒற்றை பல்புக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். பல்பின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போல வட்டங்கள் தெரியும். தட்டை நகர்த்தினால் வட்டங்களும் கூடவே நகரும். உண்மையில் அந்தத் தட்டில் வட்டமாக ஒரு கீறலும் இருக்க வேண்டியதில்லை. எல்லாத் திசையிலும் ஆயிரக்கணக்கான நுண்கீறல்கள் இருக்கின்றன. ஒளியைச் சரியான கோணத்தில் பிரதிபலிப்பவை மட்டும் கண்ணுக்குப் படுவதால் வட்டமாகத் தெரிகிறது. கார் பெயின்ட்டிலும் அதேதான். வெள்ளை வண்டியில் இதே அளவு கீறல் இருந்தாலும் பின்னணி வெளுப்பாக இருப்பதால் மறைந்துவிடும். கறுப்பும் கருநீலமும் எதையும் மறைக்காது.

இந்தக் கீறல்கள் நிறத்தில் இல்லை, நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டில் இருக்கின்றன. தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் மொத்தமாகவே சுமார் 100 முதல் 140 மைக்ரான்தான்; ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான். அடியில் துரு பிடிக்காமலிருக்க ஒரு பூச்சு, அதன்மேல் பிரைமர், அப்புறம் நிறம், கடைசியில் கிளியர். இதில் கிளியரின் பங்கு 40, மிஞ்சினால் 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், வண்டியின் பளபளப்பு முழுவதும் ஒரு முடியைவிட மெல்லிய படலத்தில் இருக்கிறது. வெயிலைத் தாங்குவதும் அந்தப் படலம்தான். நம் ஊரில் பழைய கார்களின் கூரையிலும் பானெட்டிலும் தோல் உரிந்ததுபோல் வெள்ளை வெள்ளையாகப் பெயர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிளியர் செத்துப்போனால் அப்படித்தான் ஆகும். பாலிஷ் போடுவது என்றால் கீறலை நிரப்புவது என்றே பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியிருக்கும் கிளியரைச் சீவி எடுப்பதுதான் பாலிஷ். ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு மைக்ரான் போகும், கடுமையாகப் போட்டால் இன்னும் அதிகம். போனது போனதுதான்.

வாளியின் அடியில்

வண்டி வந்த புதிதில் பெருங்குடியில் எங்கள் குடியிருப்பில் காலை ஐந்தரைக்கு ஓர் அண்ணன் வருவார். ஒரு வாளி, ஒரு துணி, இருபது வண்டி. மஞ்சள் துணியை நனைத்துப் பிழிந்து ஒரே வீச்சில் கூரையிலிருந்து கதவுக்கு இறங்குவார். ராஜீவ் காந்தி சாலைத் தூசியும் கட்டுமானத் தூசியும் வண்டி மேல் விரலால் எழுதலாம் என்கிற அளவுக்குப் படிந்திருக்கும். அந்தத் தூசியில் இருப்பது பெரும்பாலும் மணல். மணல் குவார்ட்ஸ், கண்ணாடியையே கீறக்கூடியது. கிளியர் கோட் அதற்கு எம்மாத்திரம்?

"அண்ணே, என் வண்டியை மட்டும் விட்டுடுங்க. மாசக் காசு எப்பவும்போல தந்துடறேன்" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஏன் சார், நான் சரியாத் துடைக்கலையா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன், ஆனால் அவர் நம்பவில்லை. தினமும் என் வண்டியைத் தாண்டிப் போகும்போது நின்று பார்ப்பார். "தூசியோட நிக்குதே சார், பார்க்கவே கஷ்டமா இருக்கு." ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய வாளியின் தண்ணீரை மெதுவாகச் சாய்த்து ஊற்றச் சொன்னேன். அடியில் அரைக் கைப்பிடி தேறும், சாம்பல் நிற வண்டல். இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். இன்னொரு முறை தேய்த்துப் பார்த்தார். "உப்புத்தாள் மாதிரில்ல சார் இருக்கு" என்றார். அடுத்த வாரத்திலிருந்து அவரிடம் இரண்டு வாளி இருந்தது. இருபது வண்டியை ஒன்றரை மணி நேரத்தில் முடித்தாக வேண்டியவர், அந்த வேலையில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு செய்தார். எனக்கு அவர்மேல் இருக்கும் மரியாதை அன்றிலிருந்து குறையவில்லை.

அந்த வாளி வண்டலில்தான் கார் கழுவுவதன் மொத்தச் சூத்திரமும் இருக்கிறது. கை படுவதற்கு முன்னால் எவ்வளவு மணலைத் தண்ணீராலும் நுரையாலும் இறக்கிவிடுகிறோம் என்பதுதான் முக்கியம். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி நனைக்க வேண்டும். அப்புறம் நுரை, நாலைந்து நிமிடம் ஊறல், மறுபடி அலசல். அதன் பிறகே கை. மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பு வாளியில் தோய்த்து, அதன் எடையைத் தவிர வேறு அழுத்தம் கொடுக்காமல், மேலிருந்து கீழே நேர்கோட்டில் இழுக்க வேண்டும். ஒரு கதவு முடிந்ததும் கையுறையை இரண்டாவது வாளியில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்புவுக்கு. சக்கரத்துக்குத் தனி வாளி, தனித் துணி. துவட்டும்போது துண்டை விரித்துப் போட்டு ஒத்தி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. தலை துவட்டுகிற வேகத்தை இங்கே காட்டக் கூடாது. துணி துவைக்கிற சோப்புத்தூள் வேண்டவே வேண்டாம்; பூசிய மெழுகையெல்லாம் அது கரைத்துக்கொண்டு போய்விடும். வாட்டர் சர்வீஸ் கடைகளில் சிலர் இன்னமும் கடைசியில் டீசல் தொட்டுத் துடைத்துப் பளபளப்புக் காட்டுகிறார்கள். அடுத்த அரைமணி நேரத்தில் ஊரிலிருக்கும் தூசியெல்லாம் அந்த எண்ணெயில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

பேடில் ஒட்டிய கறுப்பு

இதெல்லாம் தெரிந்திருந்தும்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். 2018, மார்ச் மாதம். கழுவும் முறையைச் சரி செய்துவிட்டேன், புதுக் கீறல் விழுவது கிட்டத்தட்ட நின்றுவிட்டது. பழைய கீறல்கள் மட்டும் பாக்கி. நல்ல மெஷின் ஒன்று வாங்கினேன். தடிமன் அளக்கும் மீட்டர் ஒன்றும் வாங்கினேன், விலை குறைந்தது. கதவில் வைத்தால் 118 காட்டியது. டிக்கி மூடியில் 115. ஆரோக்கியமான எண்கள். பானெட்டில் வைத்தேன், ஒன்றும் காட்டவில்லை. பேட்டரி மாற்றிப் பார்த்தேன். மறுபடி கதவில் 118, பானெட்டில் வெறுமை.

காரணம் பிறகுதான் புரிந்தது. இந்தத் தலைமுறை டிடி-யின் உடலில் 69 சதவீதம் அலுமினியம், 31 சதவீதம் எஃகு. எடையை முன்னுக்கும் பின்னுக்கும் சமமாகப் பங்கிடுவதற்காகப் பின்பகுதித் தளத்தையும் கதவுகளையும் டிக்கி மூடியையும் எஃகிலும் மற்றதை அலுமினியத்திலும் செய்தார்கள். என் மலிவு மீட்டர் காந்தத்தை நம்பி வேலை செய்வது. அலுமினியம் அதற்குக் கண்ணிலேயே படாது. அதற்கு வேறு வகை மீட்டர் வேண்டும். அன்று எனக்கு இது தெரியாது. கதவில் 118 இருந்தால் பானெட்டிலும் அதுதானே இருக்கும் என்று முடிவு கட்டினேன்.

சனிக்கிழமை மதியம். கீழ்த்தளப் பார்க்கிங். விளக்கைச் சாய்த்து வைத்து வலது பக்கம் பாதி பானெட்டை முடித்திருந்தேன். கறுப்பு கிணற்றுத் தண்ணீர் போல ஆழமாகியிருந்தது. மேலே ஓடும் குழாய்களின் பிம்பத்தில் ஒவ்வொரு போல்ட்டும் தனித்தனியாகத் தெரிந்தது. அந்த அழகைப் பார்த்தவனுக்கு நிறுத்தத் தோன்றாது. இடது பக்க மடிப்பில் ஒரே ஒரு கீறல் பாக்கி, இரண்டு அங்குல நீளம், நகத்தை வைத்தால் லேசாகத் தட்டுப்படும். நகத்தில் தட்டுப்படும் கீறலைப் பாலிஷில் எடுக்கப் பார்க்கக் கூடாது என்பது இந்த வேலையின் பாலபாடம். மெஷினைச் சாய்த்து, மடிப்பின் விளிம்பில் நாலு முறை கூடுதலாக ஓட்டினேன். மெஷினை எடுத்து, அதன் முனையில் சுழலும் பேடைத் திருப்பிப் பார்த்தேன்.

மஞ்சள் ஃபோம் பேட். அதன் மேல் எப்போதும் வெள்ளையாகப் பசை படிந்திருக்கும், சீவப்பட்ட கிளியருக்கு நிறம் கிடையாது என்பதால். இப்போது அந்த வெள்ளையின் நடுவில், விளிம்போரமாக, மை தொட்டதுபோல் ஒரு கறுப்புக் கோடு. ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. பழைய அம்பாசடரிலோ பத்மினியிலோ பாலிஷ் போட்டால் துணியில் நிறம் ஒட்டத்தான் செய்யும், அவற்றில் தனியாகக் கிளியர் கிடையாது. இந்த வண்டியில் பேடில் கறுப்பு வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மெஷினைத் தரையில் வைத்துவிட்டு ஈரத் துணியால் மடிப்பை ஒற்றினேன். ஈரமாக இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. காயக் காய அந்த நகமளவு இடம் மட்டும் சாக்பீஸ் தொட்ட கரும்பலகை மாதிரி மங்கியது. மறுபடி நனைத்தேன். சரியானது போல இருந்தது. மறுபடி காய்ந்தது. எத்தனை முறை அப்படி நனைத்துப் பார்த்தேன் என்று நினைவில்லை.

அடுத்த வாரம் நண்பர் ஒருவரிடமிருந்து அலுமினியத்தையும் அளக்கும் மீட்டரை வாங்கி வந்தேன். பானெட்டின் நடுவில் 82. அந்த இடத்தில் 61. கதவில் 118 இருக்கும் வண்டிக்குப் பானெட்டில் 82 என்றால், எனக்கு முன்னாலேயே முப்பதுக்கும் மேல் போய்விட்டது. பழைய பில்களைப் புரட்டினேன். முதல் சொந்தக்காரர் ஒவ்வொரு சர்வீஸின்போதும் "டெஃப்லான் கோட்டிங்" போட்டிருக்கிறார். கோட்டிங் போடும் முன் கம்பளிப் பேடு கட்டிய ரோட்டரி மெஷினை ஓட்டுவார்கள். வண்டியின் மேல் பிரியம் வைத்து, காசு கொடுத்து, ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக அதை மெலிய வைத்திருக்கிறார். மிச்சமிருந்ததை நான் எடுத்தேன். அவருக்கும் எனக்கும் அந்த வண்டியைப் பிடித்திருந்தது என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை.

ரயிலில் தண்ணீர் வந்த வருடம்

பானெட்டைப் புதுசாக பெயின்ட் அடித்துவிடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மனசு வரவில்லை. மிகச் சிறிய தூரிகையால் டச்-அப் கிளியரை அந்த இடத்தில் மட்டும் வைத்து மூடினேன், வெயில் நேராகத் தாக்காமல் இருப்பதற்காக. அதோடு மெஷினை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ஆனாலும் கழுவும் வெறி குறையவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை, சில வாரம் மூன்று முறை. அதை நிறுத்தியது 2019.

அந்த வருடம் ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது; 50 வேகன், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். எங்கள் குடியிருப்பில் லாரிக்குக் காத்துக் கிடந்தோம். அந்த நேரத்தில் ஒரு காருக்கு ஹோஸ் பிடித்து நிற்பதை நினைக்கவே கூசியது. ஒன்றரை மாதம் தொடவே இல்லை. அப்புறம் காக்கை எச்சத்துக்காக இறங்க வேண்டியிருந்தது. அதில் இருக்கும் யூரிக் அமிலம் வெயிலில் சூடேறிய கறுப்பு பெயின்ட்டில் ஒரே மதியத்தில் அச்சுப் பதித்துவிடும். அலசத் தேவையில்லாத வகை ஷாம்பு ஒன்றை வரவழைத்தேன். அரை வாளித் தண்ணீர், எட்டு லிட்டர் இருக்கும். அதில் பத்து மைக்ரோஃபைபர் துண்டுகளை ஊறப் போட்டேன். ஒரு துண்டை நாலாக மடித்து, ஒரு முகத்தால் ஒரே ஓர் இழுப்பு, மடித்து அடுத்த முகம். பயன்படுத்திய துண்டு திரும்ப வாளிக்குள் போகாது. மண் கனமாக இருந்த கீழ்ப்பகுதிகளில் முதலில் தெளிப்பானால் நன்றாக நனைத்து ஊறவிட்டுத்தான் தொட்டேன்.

வறட்சி முடிந்து மழை வந்த பிறகு விளக்கை வைத்துப் பார்த்தேன். ஐந்து மாதத்தில் ஒரு புதுக் கீறல்கூடக் கண்ணில் படவில்லை. அதற்கு முந்தைய வருடம் வாரம் இரண்டு முறை அத்தனை சிரத்தையாகக் கழுவியும் இப்படி இருந்ததில்லை. அழுக்காக நின்ற நாட்களில் வண்டிக்கு ஒரு கெடுதலும் நடக்கவில்லை. எச்சம், மரப்பிசின், அடிபட்டுக் காய்ந்த பூச்சி, வெயிலில் காய்ந்த உப்புத் தண்ணீர், இந்த நாலும் மட்டும் காத்திருக்காது. மற்ற தூசி காத்திருக்கும்.

உப்புத் தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். குடிநீருக்கே கரைந்த உப்புகளின் ஏற்கத்தக்க வரம்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்பது இந்தியத் தர நிர்ணயம். எங்கள் ஆழ்துளைக் கிணற்றில் 1,600. அது பெயின்ட்டில் காய்ந்தால் வெள்ளைப் புள்ளியாக நிற்கும், வெயில் பட்டால் கிளியரை அரிக்கும். சரி என்று சிலர் ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரைப் பிடித்துக் கார் கழுவுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ஆர்ஓ சுத்தம் செய்த தண்ணீரிலிருந்து விலக்கிய உப்பெல்லாம் அந்தக் கழிவுத் தண்ணீரில்தான் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரைவிட அது மோசம். நான் ஏசி சொட்டும் குழாய்க்குக் கீழே வாளி வைக்கிறேன். காற்றிலிருந்து குளிர்ந்து வடியும் தண்ணீரில் உப்பே கிட்டத்தட்டக் கிடையாது. சென்னைப் புழுக்கத்துக்கு ஓர் இரவில் முக்கால் வாளி சேரும். மெல்லிய துணியில் வடிகட்டி, கடைசி அலசலுக்கு அது மட்டும். துவட்டாமல் விட்டால்கூடக் கறை நிற்காது.

நல்ல தண்ணி

மறுநாள் அக்கா மகனைக் கூப்பிட்டு, மெஷினைப் பிரிக்காதே, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். இரண்டு வகை உலோகத்தையும் அளக்கும் மீட்டரோடு போனேன். பீளமேட்டில் வீட்டு வாசலில் வண்டி நின்றது. அவன் இரண்டு குழாயையும் காட்டி, "உப்புத் தண்ணியா, நல்ல தண்ணியா மாமா?" என்றான். உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது: "சிறுவாணித் தண்ணியில காரைக் கழுவினா ரெண்டு பேருக்கும் சோறு கிடையாது." உப்புத் தண்ணீரில் அலசி, நுரை போட்டு, கழுவி முடித்தோம். கடைசி அலசலுக்கு அவன் அறை ஏசியின் கீழே முந்தின நாளே வாளி வைக்கச் சொல்லியிருந்தேன்.

காய்ந்த பிறகு அவன் கையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவரைப் போட்டுக்கொண்டு பானெட்டைத் தடவச் சொன்னேன். வெறுங்கைக்கு வழுவழுவென்று இருப்பது கவர் வழியாகச் சொரசொரப்பாகத் தெரியும். பிரேக்கிலிருந்தும் ரயில் பாதையிலிருந்தும் பறந்து வந்து ஒட்டிய இரும்புத் துகள்கள் அவை. இரும்பைக் கரைக்கும் மருந்தை அடித்ததும் வெள்ளைத் தரையில் கத்திரிப்பூ நிறமாக ஒழுகியது. அவன் வாயடைத்து நின்றான். அதன் பிறகு ஒவ்வொரு பாகமாக அளந்து நோட்டில் எழுதினோம். பானெட் 104, இடது கதவு 121, வலது கதவு 119, பின் இடது ஃபெண்டரில் 240. அந்த ஒன்று மறுபடி அடித்த பெயின்ட், விற்றவர் சொல்லவில்லை.

"இப்ப சொல்லுங்க மாமா, எவ்வளவு தூரம்?"

நுரையின் ஈரம் காயாத படியில் உட்கார்ந்து, பேடில் ஒட்டிய அந்தக் கறுப்புக் கோட்டைப் பற்றி அவனுக்குச் சொன்னேன். முதல் தடவையாக ஒருவரிடம் முழுசாகச் சொல்கிறேன். நடுவில் அவன் ஒன்றும் கேட்கவில்லை. முடிந்ததும் நோட்டை எடுத்து எண்களை இன்னொரு முறை பார்த்தான். மென்மையான பேடும் நயமான பாலிஷும் வைத்து ஒரே ஒரு சுற்று போடுவது, பத்தில் ஆறு கீறல் போனால் போதும், மிச்சம் இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். மடிப்புகளின் விளிம்பில் எல்லாம் டேப் ஒட்டினோம். கதவுக் கைப்பிடிக்குள்ளே யாரோ மோதிரத்தோடு இழுத்து இழுத்துப் போட்ட கீறல்கள் ஆழமாக இருந்தன. அவற்றைத் தொடவில்லை. மேலே போட செராமிக் கோட்டிங் கேட்டான். 9எச் கடினம் என்று விளம்பரத்தில் வருவது பென்சிலால் கீறிப் பார்த்துச் சொல்லும் அளவுகோல். மணலை அது தடுக்காது, கழுவுவதைச் சுலபமாக்கும், அதற்காகப் போட்டுக்கொள் என்றேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கூரையை மடக்கிவிட்டு ஆனைகட்டி வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய் வந்தோம். அதற்காகத்தானே அந்த வண்டி. திரும்பும்போது இருட்டிவிட்டது. வாசலில் நிறுத்திவிட்டுப் பார்த்தால் முன் பம்பர் முழுக்கப் பூச்சி, அப்போதுதான் பாலிஷ் போட்டு முடித்த நீலத்தின் மேல் மஞ்சளும் பழுப்புமாக அப்பியிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் உள்ளே போய்த் துண்டை ஏசித் தண்ணீரில் நனைத்துக் கொண்டுவந்தான். தேய்க்காமல் பம்பரின் மேல் விரித்துப் போட்டான். விளிம்பை விரலால் அழுத்தி ஒட்ட வைத்துவிட்டு, "அஞ்சு நிமிஷம் ஊறட்டும் மாமா, வாங்க காபி குடிக்கலாம்" என்றான்.